நூறு அக்கவுண்ட், ஒரே பாஸ்வேர்டு... முதலில் பூட்ட வேண்டியது எதை?

தேர்வுக்கு இன்னும் இரண்டே நாள். ஹால் டிக்கெட் எடுக்கணும், ஆனால் லாக்-இன் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுத்தால் மெயிலுக்கு லிங்க் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது தளம். அந்த மெயில் ஐடி, பத்தாம் வகுப்பு முடித்த சமயத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் அண்ணன் உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். சரி, மெயிலையாவது மீட்கலாம் என்று பார்த்தால், ரெக்கவரி நம்பராக இருப்பது அப்பாவின் பழைய சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

தேர்வு சீசனில் பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம் பக்கம் போனால் இந்தக் கதையின் ஏதோவொரு வடிவத்தைப் பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு 5 ஆண்டுகள் செல்லுபடியாகும். ஐந்து வருஷம் கழித்து வந்து நிற்பவருக்குப் பதிவு செய்தபோது கொடுத்த மெயில் நினைவிருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

பிரச்னை மறதி மட்டுமில்லை. நமக்கே நினைவில்லாத அந்தப் பழைய அக்கவுண்ட்தான் திருடனுக்கு வசதியான வாசல்.

ஏன் இவ்வளவு அக்கவுண்ட் சேர்ந்தது?

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் போனை எடுத்துப் பாருங்கள். ஜிமெயில், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஐஆர்சிடிசி, வங்கி ஆப், இரண்டு யுபிஐ ஆப், மின்கட்டணம், கேஸ் புக்கிங், டிஜிலாக்கர், பிஎஃப், வருமான வரி, பிள்ளையின் ஸ்கூல் ஆப், மூன்று ஷாப்பிங் ஆப், இரண்டு சாப்பாட்டு ஆப், ஒரே ஒரு படத்துக்காகச் சேர்ந்த ஓடிடி, மேட்ரிமோனி, வேலை தேடும் தளம். இது போனில் கண்ணுக்குத் தெரிவது மட்டும். 2015-ல் ஒரு செருப்பு வாங்க அக்கவுண்ட் திறந்த தளம், கல்லூரியில் பிராஜெக்ட்டுக்காகச் சேர்ந்த தளம் எல்லாம் எங்கேயோ உயிரோடுதான் இருக்கின்றன.

இவ்வளவுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு யாராலும் நினைவில் வைக்க முடியாது. அதனால் எல்லாரும் செய்வதையே நாமும் செய்கிறோம். பிள்ளை பெயர், பிறந்த வருஷம், நடுவில் ஒரு '@'. எல்லா இடத்துக்கும் அதே. 'ஸ்ட்ராங்கா வைக்கணும்' என்று தளம் அடம்பிடித்தால் கடைசியில் ஒரு '1' சேர்ப்போம். அவ்ளோதான்.

2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியில் வந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது '123456'. இத்தனை வருஷம் கழித்தும் கசிவுப் பட்டியல்களில் அந்த ஆறு எண்கள் மேலேயேதான் இருக்கின்றன. அந்த 3.2 கோடிப் பட்டியல் பாஸ்வேர்டு உடைப்பவர்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி ஆனது. மனிதர்கள் எப்படி யோசித்து பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்பது அதில் அப்பட்டமாகத் தெரிந்தது.

'1,600 கோடி பாஸ்வேர்டு கசிந்தது' என்ற செய்தி உண்மையா?

2025 ஜூனில் இந்தச் செய்தி உலகம் முழுக்க ஓடியது. நம்மூர் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் 'உடனே பாஸ்வேர்டை மாத்துங்க' என்று சுற்றியது. எண்ணிக்கை பயமுறுத்தினாலும், கூகுளையோ ஆப்பிளையோ யாரோ உடைத்து எடுத்த சரக்கு இல்லை அது. பல சந்தர்ப்பங்களில் திருடப்பட்ட தகவல்கள் குவியல் குவியலாகச் சேர்ந்த தொகுப்பு. பழையவை, திரும்பத் திரும்ப வந்தவை எல்லாம் அதில் கலந்திருந்தன.

ஆனால் அந்தக் குவியலில் பெரும்பகுதி எப்படிச் சேர்ந்தது என்பதைக் கவனிக்கணும். 'இன்ஃபோஸ்டீலர்' என்ற வகை வைரஸ், கம்ப்யூட்டருக்குள் புகுந்து பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். கிராக் செய்த சாஃப்ட்வேர், 'மோட்' கேம் வழியாகத்தான் பெரும்பாலும் வரும். போனில் இதன் உறவுக்காரன், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல். அதை இன்ஸ்டால் செய்தால் மெசேஜ்களைப் படிக்கும், ஓடிபி-யையும் சேர்த்து. அப்படியொன்று உள்ளே இருக்கும்போது அதே போனில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால், புது பாஸ்வேர்டும் அவர்களுக்கே போய்ச் சேரும்.

ஒரு தளத்தில் கசிந்தால் இன்னொரு தளத்துக்கு என்ன ஆபத்து?

கசிந்த பட்டியலில் மெயிலும் பாஸ்வேர்டும் ஜோடியாக இருக்கும். திருடர்கள் அந்த ஜோடியை எடுத்து வேறு நூறு தளங்களில் புரோகிராம் மூலம் போட்டுப் பார்ப்பார்கள். திறந்தால் லாபம், இல்லாவிட்டால் அடுத்த ஜோடி. இதற்கு 'கிரெடென்ஷியல் ஸ்டஃபிங்' என்று பெயர். ஒரு வீட்டில் திருடிய சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்ப்பதுதான்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2023-ல் நடந்த '23அண்ட்மீ' விவகாரம் போதும். எச்சிலை அனுப்பினால் டிஎன்ஏ-வைப் பரிசோதித்து உங்கள் சொந்தபந்தம் யார் யார் என்று சொல்லும் அமெரிக்க நிறுவனம் அது. அதன் சர்வரை யாரும் உடைக்கவில்லை. வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்த சுமார் 14,000 பேரின் அக்கவுண்ட்டுகளுக்குள் நுழைந்தார்கள். அந்தத் தளத்தில் உறவினர்களைக் காட்டும் வசதி இருந்ததால், 14,000 கதவு வழியாக 69 லட்சம் பேரின் தகவல் வெளியே போனது. ஒழுங்காகத் தனி பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களும் அதில் மாட்டினார்கள். அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது.

'என் அக்கவுண்ட்ல என்ன இருக்கு, யாரு எடுக்கப் போறா' என்பவர்களுக்கு இது பதில். உங்கள் அக்கவுண்ட் வழியாக உங்கள் தங்கச்சியின் அக்கவுண்ட்டுக்குப் போகலாம். 'அவசரமா ஐயாயிரம் அனுப்பு' என்று உங்கள் இன்ஸ்டாகிராமிலிருந்து மெசேஜ் போனால் நண்பர்கள் நம்பத்தான் செய்வார்கள்.

பயன்படுத்தாத அக்கவுண்ட் சும்மாதானே கிடக்கிறது?

2021 மே 7. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் நிறுவனம், தன் குழாய்களை மொத்தமாக நிறுத்தியது. சுமார் 8,850 கிலோமீட்டர் நீளக் குழாய். பெட்ரோல் பங்க்குகளில் வரிசை, பல ஊர்களில் 'நோ ஸ்டாக்' போர்டு. ஹேக்கர்களுக்கு 44 லட்சம் டாலர் கொடுத்தது நிறுவனம்.

ஹேக்கர்கள் உள்ளே வந்தது ஒரு பழைய விபிஎன் அக்கவுண்ட் வழியாக. அதை யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் மூடவும் இல்லை. அதற்கு ஓடிபி மாதிரியான இரண்டாவது பூட்டும் கிடையாது. அதன் பாஸ்வேர்டு எளிதான ஒன்று கூட இல்லை, சிக்கலானதுதான் என்று நிறுவனத் தலைவர் அமெரிக்க செனட் விசாரணையில் சொன்னார். ஆனால் அந்த பாஸ்வேர்டு, ஏற்கெனவே கசிந்த ஒரு பட்டியலில் இருந்தது. கசிந்த பிறகு எளிதானதும் சிக்கலானதும் ஒன்றுதான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பலரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 80 பாஸ்வேர்டையும் மாற்றப் போவதாகக் கிளம்பி, ஏழாவதில் சோர்ந்து விட்டுவிடுவார்கள். அது தேவையில்லை.

உங்கள் எல்லா அக்கவுண்ட்டுக்கும் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுத்தால் லிங்க்கும் ஓடிபி-யும் எங்கே வரும்? ஒன்று மெயிலுக்கு, இல்லையென்றால் மொபைல் நம்பருக்கு. இந்த இரண்டும் கையில் கிடைத்தால் மீதி எல்லாவற்றையும் ஒருவர் ஒரே மதியத்தில் திறந்துவிடலாம். இரண்டையும் திறப்பது போனின் ஸ்கிரீன் லாக். ஆக, முக்கியமான சாவி மூன்றுதான். மெயில், நம்பர், ஸ்கிரீன் லாக். இந்த மூன்றையும் பூட்டிய பிறகு மற்றவற்றைச் சாவகாசமாகப் பார்க்கலாம்.

முதலில் மெயில். பிரவுசிங் சென்டரில் உருவாக்கியதாக இருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது மட்டும் போதாது. கூகுள் அக்கவுண்ட்டின் 'செக்யூரிட்டி' பகுதிக்குள் போனால் ரெக்கவரி நம்பர், ரெக்கவரி மெயில் என்று இரண்டு இருக்கும். அங்கே சென்டர்காரர் நம்பரோ, அத்தை பையன் நம்பரோ இருந்தால், பாஸ்வேர்டு எத்தனை முறை மாற்றினாலும் வாசல் திறந்தேதான் இருக்கிறது. கீழேயே 'யுவர் டிவைசஸ்' என்று ஒரு பட்டியல் வரும். இரண்டு வருஷம் முன்பு விற்ற போன் இன்னும் அதில் உட்கார்ந்திருந்தால் 'சைன் அவுட்' கொடுங்கள்.

அடுத்தது நம்பர். நாம் விட்டுவிட்ட நம்பர் காணாமல் போவதில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்குப் பிறகு? வேறொருவருக்குப் போகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பழைய அக்கவுண்ட்டுகளின் ஓடிபி எல்லாம் இனி அவர் போனுக்குத்தான் போகும். புது சிம் வாங்கினால் பழையதை விடும் முன் வங்கி, ஆதார், மெயில், வாட்ஸ்அப் நான்கிலும் நம்பரை மாற்றிவிட வேண்டும். ஆதார் நம்பர் மாற்றம்தான் இதில் இழுக்கும் வேலை, ஆனால் டிஜிலாக்கர், பிஎஃப், வரி எல்லாம் அந்த ஓடிபி-யை நம்பித்தான் இருக்கின்றன.

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். போன் தொலைந்தால் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்குவதும் அதே தளத்தில்தான்.

சிம்முக்கென்றே ஒரு பின் நம்பர் இருப்பது பலருக்குத் தெரியாது. போனைத் திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், உங்கள் ஸ்கிரீன் லாக்கால் எந்தப் பயனும் இல்லை, ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' போட்டிருந்தால் பின் கேட்கும். ஒரு எச்சரிக்கை: மூன்று முறை தப்பாகப் போட்டால் 'பியூகே' கோடு கேட்டு நின்றுவிடும், அதைக் கஸ்டமர் கேரில்தான் வாங்கணும். நிதானமாக, முதலில் கம்பெனி கொடுத்த பின்னைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது ஸ்கிரீன் லாக். பஸ்ஸில், டீக்கடையில் எல்லார் கண் முன்னாலும் போடுகிற நான்கு எண் அது. அதைப் பார்த்துவிட்டுப் போனையும் பறித்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில் சேமித்த பாஸ்வேர்டுகளை அந்த எண்ணாலேயே திறக்கலாம். ஆறு எண்ணாக வையுங்கள், வெளியில் கைரேகையைப் பயன்படுத்துங்கள். யுபிஐ பின்னும் ஸ்கிரீன் லாக்கும் ஒரே எண்ணாக இருக்கவே கூடாது. இது பலர் வீட்டில் நடக்கிறது, அதிலும் பெரும்பாலும் அது பிறந்த வருஷம்.

மீதி 80 பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

இப்போது மக்கள் வைக்கும் இடங்கள்: வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிய மெசேஜ், கேலரியில் ஸ்கிரீன்ஷாட், 'ஏடிஎம் மாமா' என்ற பெயரில் ஒரு கான்டாக்ட். கடைசி ஐடியா பத்து வருஷத்துக்கு முன்பு புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் இன்று நாம் இன்ஸ்டால் செய்யும் ஆப்பில் பாதி கான்டாக்ட், கேலரி இரண்டுக்கும் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்கிறது.

சரியான இடம் பாஸ்வேர்டு மேனேஜர். ஆண்ட்ராய்டில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனி ஆப்பே வந்துவிட்டது. இரண்டு வகைப் போனும் கம்ப்யூட்டரும் கலந்து பயன்படுத்துபவர்கள் பிட்வார்டன் மாதிரியான தனி ஆப் வைத்துக்கொள்ளலாம், அதில் இலவச வசதியே போதும். ஒவ்வொரு தளத்துக்கும் இவையே தாறுமாறான நீள பாஸ்வேர்டு உருவாக்கி, சேமித்து, நிரப்பியும் கொடுக்கும். உங்களுக்கு அது என்னவென்றே தெரிய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு லாபம், பலர் கவனிக்காதது. உங்கள் வங்கித் தளம் மாதிரியே ஒரு போலித் தளம் வந்தால் கண் ஏமாறும். பாஸ்வேர்டு மேனேஜர் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும் என்பதால், ஒரு எழுத்து மாறினாலும் நிரப்பாது. வழக்கமாகத் தானாக வருவது வரவில்லை என்றால், சலித்துக்கொண்டு டைப் செய்யாமல், ஒரு நிமிஷம் நின்று மேலே முகவரியைப் பாருங்கள்.

'எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா, அது போச்சுன்னா?' நியாயமான கேள்வி. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பெரிய பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்து, வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் பேக்கப்பையே எடுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையில்தான் இருந்தன. ஆனால் மாஸ்டர் பாஸ்வேர்டை லேசாக வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை, திருடியவர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்து பொறுமையாக உடைத்துப் பார்க்கலாம். பெட்டகம் பாதுகாப்பானதா என்பது அந்த ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டைப் பொறுத்தது. ஒரே பாஸ்வேர்டை எண்பது இடத்தில் வைப்பதை விட, நல்ல ஒன்றை ஓர் இடத்தில் வைப்பது எவ்வளவோ மேல் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஆப் எல்லாம் ஒத்துவராது என்கிற பெரியவர்களுக்கு நோட்டுப் புத்தகம் கெட்ட யோசனை இல்லை. பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே, பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர். வெளிநாட்டு ஹேக்கரால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால் அந்த நோட்டைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பிய நிமிஷம் அதன் பாதுகாப்பு போய்விடும்.

நல்ல பாஸ்வேர்டு என்றால் எப்படி இருக்கணும்?

ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, 90 நாளுக்கு ஒருமுறை மாற்றணும் என்று அலுவலகங்களில் உயிரை எடுக்கும் விதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2003-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டில் பில் பர் என்ற அதிகாரி எழுதிய ஆவணத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவியவை அவை. 2017-ல், ஓய்வு பெற்ற பிறகு, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் விதிகளை மாற்றியது. கசிந்தது தெரிந்தால் ஒழியச் சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள், குறிகளைவிட நீளம் முக்கியம் என்றது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. எட்டு சின்ன ஆங்கில எழுத்துகளால் உருவாக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் சுமார் 20,880 கோடி. பெரிய எண்ணாகத் தெரிகிறதா? பழைய, பலவீனமான 'எம்டி5' முறையில் ஒரு தளம் பாஸ்வேர்டுகளைச் சேமித்து, அந்தப் பட்டியல் திருடுபோனால், கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்குப் பத்தாயிரம் கோடிக்கும் மேல் போட்டுப் பார்க்கும். இரண்டு விநாடி வேலை. ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் அந்த வேலை 26 மடங்காகும்.

ஆக, நினைவில் வைக்க வேண்டிய அந்த ஓரிரண்டு பாஸ்வேர்டுக்கு மட்டும் சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைக்கலாம். மோர், சைக்கிள், பனங்கிழங்கு, ஜன்னல் என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள், இப்போது இதை எல்லாரும் படித்துவிட்டார்கள்.) தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்வது நல்லதுதான், ஆனால் ழ, ள, ண வரும் சொற்கள் வேண்டாம். அன்றைக்கு எந்த எழுத்துப் போட்டோம் என்று நமக்கே மறந்து, நம் கதவுக்கு வெளியே நாமே நிற்க வேண்டி வரும். முதல் குறள், ஹிட் பாட்டின் பல்லவி, தலைவர் வசனம் எல்லாம் சொற்கள் அதிகமிருந்தாலும் பலவீனமானவை. ஊருக்கே தெரிந்தது ஹேக்கர் பட்டியலுக்கும் தெரியும்.

ஓடிபி இருக்கே, அது போதாதா?

பாஸ்வேர்டு கசிந்தாலும் தடுத்து நிறுத்துவது இந்த இரண்டாவது பூட்டுதான். 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற பெயரில் மெயில், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாவற்றிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆறு எண் பின்னாக இருக்கிறது. அதைப் போட்டிருந்தால், ஓடிபி-யைப் பேசி வாங்கியவனால்கூட உங்கள் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்க முடியாது. மெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி-யை விட ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது, சிம்மைப் பறிகொடுத்தாலும் அது பறிபோகாது. அப்போது தளம் தரும் 'பேக்கப் கோடு'களை மறக்காமல் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்த நாளில் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

இனி அதிகம் கேள்விப்படப் போவது 'பாஸ்கீ'. கூகுள் 2023 மே மாதம் தன் அக்கவுண்ட்டுகளுக்கு இதைக் கொண்டுவந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் கைரேகை வைத்தால் திறக்கும். ரகசியச் சாவி உங்கள் போனிலோ பாஸ்வேர்டு மேனேஜரிலோ இருக்கும், தளத்திடம் அதற்குப் பொருந்தும் பூட்டு மட்டும் இருக்கும். தளத்தையே கொள்ளையடித்தாலும் கிடைப்பது பூட்டுதான். போலித் தளத்தில் அந்தச் சாவி வேலையே செய்யாது. உங்கள் போன் கேட்டால் மெயிலுக்குத் தாராளமாக 'யெஸ்' கொடுக்கலாம்.

பழைய அக்கவுண்ட்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆப்பை டிலீட் பண்ணினால் அக்கவுண்ட் டிலீட் ஆகாது. ஐகான் போகும், உங்கள் நம்பரும் முகவரியும் அங்கேயேதான் இருக்கும். இந்த ஒன்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

மெயிலில் 'வெல்கம்', 'வெரிஃபை' என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். மறந்துபோன தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். 'சைன் இன் வித் கூகுள்' கொடுத்து நுழைந்தவை கூகுள் அக்கவுண்ட்டில் 'தேர்டு பார்ட்டி' இணைப்புகள் என்று தனியாகப் பட்டியலாக இருக்கும். குரோம் பாஸ்வேர்டு மேனேஜரில் 'செக்கப்' கொடுத்தால் எவை கசிந்தவை, எவை ஒரே பாஸ்வேர்டு என்று பிரித்துக் காட்டும். ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் பௌன்ட்' தளத்தில் மெயில் ஐடி கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவில் சிக்கியது என்று இலவசமாகத் தெரியும்.

பணம், அடையாள அட்டை, கார்டு விவரம் கொடுத்த தளங்களை முதலில் மூடுங்கள். அக்கவுண்ட் திறக்கும் வசதி உள்ள ஆப்பில் மூடும் வசதியும் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது, கூகுள் ப்ளேயும் பிறகு அதே விதியைக் கொண்டுவந்தது. ஆக 'டிலீட் அக்கவுண்ட்' எங்கேயோ ஒளிந்திருக்கும், தேடணும். நம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒரு நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் வீடு சுத்தமாகிவிடும்.

ஏற்கெனவே ஹேக் ஆகிவிட்டால்?

பணம் போயிருந்தால் முதலில் 1930. அழுவது, திட்டு வாங்குவது எல்லாம் பிறகு. அந்த எண்ணில் சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் வெளியிலிருந்து நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை வெளியிட்டது. பின்னையோ ஓடிபி-யையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அக்கவுண்ட் போயிருந்தால், சந்தேகமில்லாத வேறு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு மற்றவை. மெயிலில் 'ஃபார்வர்டிங்' செட்டிங்கையும் ஒருமுறை பார்க்கணும். உள்ளே வந்தவர்கள், உங்களுக்கு வரும் மெயிலின் நகல் தங்களுக்கும் வருகிற மாதிரி செய்துவிட்டுப் போவது உண்டு.

வீட்டில் ஒருவருக்கு மட்டுமே எல்லாம் தெரியும் என்றால்?

பெரும்பாலான வீடுகளில் பாஸ்வேர்டு எல்லாம் ஒரே ஆளிடம்தான். கரண்ட் பில், எல்ஐசி, அம்மாவின் பென்ஷன், தம்பியின் அப்ளிகேஷன் எல்லாம் அந்த ஒருவர் போனில். அவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீடே திணறும். இறந்துபோனால், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போகும்.

இறந்தவரின் போனைத் திறந்து யுபிஐ-யில் பணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். வங்கிப் பணத்துக்கு நாமினி, இறப்புச் சான்றிதழ் வழிதான். ஆனால் எங்கே போய்க் கேட்பது என்பதாவது தெரிந்திருக்கணும் இல்லையா? பாஸ்வேர்டு எழுதாவிட்டாலும், எந்த வங்கி, எந்த இன்ஷூரன்ஸ், எந்த மெயில், எந்த நம்பர் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, பத்திரம் இருக்கும் கவரில் வைத்து, வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வைக்கலாம்.

மெயிலுக்கும் போட்டோக்களுக்கும் கூகுளே ஒரு வழி வைத்திருக்கிறது. 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற செட்டிங்கில் 3, 6, 12, 18 மாதம் என்று ஒரு காலத்தைத் தேர்வு செய்யலாம். அவ்வளவு நாள் அக்கவுண்ட் அசையாமல் இருந்தால், நீங்கள் குறித்த ஆட்களுக்குத் தகவல் போகும், எதையெல்லாம் அவர்கள் எடுக்கலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். ஐபோனில் இதற்கு 'லெகஸி கான்டாக்ட்' என்று பெயர். இப்படி எதையும் செய்யாமல் விட்டால், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுண்ட்டுகளை அழிக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. குழந்தையின் முதல் போட்டோ அதில் இருந்தாலும் சரி.